வெளியே ஓடும் பழக்கம் உண்டா?

ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில், சேர்க்கை மேசையில் உட்கார்ந்து பதினாறு வருடமாகிறது. ஓசூரில் புதிதாகக் குடிவருபவர்களின் பிள்ளைகள் பாதிப் பேராவது என் மேசையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போயிருப்பார்கள். விண்ணப்பத்தைப் படித்தாலே பெற்றோர் எந்த இடத்தில் மழுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். குழந்தையின் குணம் என்ற கட்டத்தில் ‘அமைதியானவன்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த அமைதியானவன் அதே நேரம் என் ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடிக்கொண்டிருப்பான். அம்மா பின்னால் ஓடியபடியே, வீட்டில் இப்படியெல்லாம் செய்ய மாட்டான், புது இடம், அதனால்தான் என்பாள். நான் சிரித்துக்கொண்டே முத்திரை குத்துவேன்.

அப்படிப்பட்ட நான், எங்கள் நாயை, பகல் நேரத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் சேர்க்கும்போது ஒரே ஒரு கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். நடந்து நான்கு மாதமாகிவிட்டது. இன்னும் மதியம் மூன்று மணிக்கு மேல் போன் அடித்தால், யார் என்று பார்ப்பதற்குமுன் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. மழை நாளில் எங்கள் லேஅவுட் முனையிலுள்ள பஸ் நிறுத்தத்து நிழற்கூரைக்கடியில் நனைந்து கிடந்த குட்டியை, புத்தகப் பையைக் காலி செய்து அதற்குள் வைத்துக்கொண்டு வந்தாள். புத்தகங்கள் கையில் நனைந்தன. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். கால்நடை மருத்துவர் அட்டையில் ‘நாட்டு நாய்’ என்று எழுதினார். மகள் அன்றே அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. தம்பி என்ற சொல் அந்த வீட்டில் எத்தனை வருடம் காத்திருந்ததோ, அதற்கப்புறம் அவனுக்கு வேறு பெயர் ஒட்டவில்லை.

என் கணவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். முதல் ஷிப்ட் வாரங்களில் மூன்றே காலுக்குக் கம்பெனி பஸ் அவரை முனையில் இறக்கிவிடும். நிறுத்தம் வருமுன் டிரைவர் இரண்டு நீள ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் தம்பி எழுந்து வாசல் கேட்டுக்குப் போவான். தாழ்ப்பாளை மூக்கால் நிமிர்த்தி, பக்கவாட்டில் தள்ளி, கேட்டைத் திறந்துகொண்டு முனைக்கு ஓடுவான். பஸ் கதவருகில் நின்று இறங்குகிற ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்ப்பான். அப்பாவின் கை வந்ததும் டிபன் பையின் வாரை வாயில் கவ்விக்கொண்டு முன்னால் நடப்பான். தெருவே பார்க்கும். மகள் அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். எங்களுக்கு அது பெருமை. தாழ்ப்பாளை மாற்றவேண்டும் என்று ஒருநாளும் எங்களுக்குத் தோன்றியதில்லை.

போன வருடம் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். அதே மாதத்தில் கணவரை ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பானேன் என்று அவர் பைக்கில் போய்வரத் தொடங்கினார். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை வீட்டில் ஒருவருமில்லை. அவனை உள்ளே விட்டு, தண்ணீரும் பழைய போர்வையும் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். ஒரு வாரம் கழித்து மாடியில் குடியிருக்கும் அம்மா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். பகலெல்லாம் சத்தமே இல்லை என்றார். மூன்று மணிக்கு மேல்தான்.

“பஸ்ஸு வந்துட்டுப் போனதும் ஊளையிடுதுமா. கேக்கறப்போ எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது. நம்ம புள்ள அழற மாதிரி இருக்குது.”

அவன் கணக்கில் அப்பா மூன்றேகால் பஸ்ஸிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தனிமைதான் காரணம், துணை இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் டேகேர் தேடினேன்.

முதலில் போன இடம் நெடுஞ்சாலைக்குப் பக்கம். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் காரில் வந்து விட்டுவிட்டுப் போகும் இடம். நான் உண்மையை அப்படியே சொன்னேன். தனியாக விட்டால் அழுவான், பஸ் சத்தம் கேட்டால் நிற்க மாட்டான் என்று. அங்கிருந்தவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டு, இப்போதைக்கு இடமில்லை, கூப்பிடுகிறோம் என்றார். நானும் அந்த வாக்கியத்தைப் பல பெற்றோரிடம் சொன்னவள்தான். கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தவனைப் பார்த்தபோது, என் பிள்ளையைப் பெயில் ஆக்கிவிட்டார்கள் என்ற ரோஷம் எனக்கு.

இரண்டாவது இடம் பாகலூர் ரோட்டில், எங்கள் வீட்டைத் தாண்டி. ரோஜா வளர்த்த பசுமைக்குடில் ஒன்றின் பாதியை எடுத்து, மேலே நிழல்வலை போட்டு, கீழே மண்ணும் புல்லுமாக விட்டிருந்தார்கள். ஒரு கணவன் மனைவி நடத்தினார்கள், கூடவே உதவிக்கு ஒரு அக்கா. அவர்களுக்குள் தெலுங்கு, நாய்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். நல்ல இடம் என்று உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. மூத்திர வாடை இல்லை. பெரிய நாய்கள் ஒரு பக்கம், சிறியவை ஒரு பக்கம். தடுப்பூசி அட்டையை வாங்கி ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார்கள். முதல் நாள் அரை நாள் மட்டும் விடுங்கள், அவன் படுத்து அழுக்காக்கிய போர்வையைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள் என்றார் அந்தப் பெண். இப்படியெல்லாம் கேட்கிற இடமாக இருந்தால் நம்பி விடலாம். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் பயப்பட வேண்டும்.

கேட்டார்கள். நான்தான் சொல்லவில்லை.

நான்கு பக்கப் படிவம். உணவு, ஒவ்வாமை, எந்த மொழியில் கட்டளை புரியும் என்பதுவரை இருந்தது. இடிக்குப் பயமா, குழந்தைகளைப் பிடிக்குமா, முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா. மூன்றாம் பக்கத்தில் ‘வெளியே ஓடும் பழக்கம் உண்டா?’ என்றிருந்தது. பேனா ஒரு நொடி நின்றது. சுற்றிலும் பார்த்தேன். ஹஸ்கி ஒன்று, வெள்ளைப் பஞ்சுபோல ஒன்று, பளபளவென்று இரண்டு லேப்ரடார். நடுவில் மடங்கிய காதோடு எங்கள் நாட்டு நாய், என் காலோடு ஒட்டிக்கொண்டு. இவர்களும் இடமில்லை என்றுவிட்டால்?

எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அவன் எங்கே ஓடுகிறான், அப்பாவை அழைத்துவரத்தானே போகிறான். அது எப்படி ஓடும் பழக்கமாகும். ‘இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்துக்குமேல் பெற்றோர் என்று அச்சிட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வாரம் நன்றாகப் போனது. காலையில் நான் ஸ்கூட்டியில் முன்னால் நிற்கவைத்துக் கொண்டுபோய் விடுவேன், மாலையில் கணவர் பைக்கில் கூட்டிவருவார். மதியம் ஒரு படம் அனுப்புவார்கள். ஒன்றில் அவன் ஹஸ்கியின் வாலைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் தினமும் ஆறு மணிக்கு வீடியோவில் வருவாள். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்பதற்குமுன், தம்பியைக் காட்டு என்பாள். புதுப் பள்ளியில் பிள்ளை ஒட்டிக்கொண்டான் என்று நான் அவளிடம் பெருமையாகச் சொன்னேன். பஸ்ஸைப் பற்றி அவளும் கேட்டாள். அங்கே நம் பஸ் வராது என்றேன். அது உண்மைதான். எங்கள் கம்பெனி பஸ் லேஅவுட் முனையோடு திரும்பிவிடும்.

ஆனால் இந்த ஊரில் பல கம்பெனிகளுக்கும் பஸ் விடுகிறவர்கள் சிலரேதான். அதே ஒப்பந்தக்காரரின் வண்டி இன்னொரு கம்பெனிக்காகப் பாகலூர்வரை போகிறது. அதே வெள்ளை உடம்பு, நீலக் கோடு, அதே ஹாரன். இதைத் தெரிந்துகொள்ள நான் துப்பறிந்திருக்க வேண்டியதில்லை, அந்த ரோட்டில் அரைமணி நேரம் நின்றிருந்தால் போதும். நாயை ஓரிடத்தில் விடுமுன், நாம் போகும் நேரத்தில் மட்டும் அந்த இடத்தைப் பார்த்தால் போதாது. நாய்க்கு முக்கியமான நேரம் எதுவோ அந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நான் காலை எட்டரைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

ஒன்பதாவது நாள் மூன்றரை மணி. மாற்றுச் சான்றிதழ் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். டேகேர் பெண்ணிடமிருந்து போன். அக்கா, பதறாமல் கேளுங்கள் என்று தொடங்கினார். அதற்குப் பிறகு சொன்னதில் கேட் என்ற சொல்லும் இல்லை என்ற சொல்லும்தான் என் காதில் விழுந்தன. தலைமையாசிரியரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று இன்றுவரை நினைவில்லை. கணவரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. உற்பத்திப் பகுதிக்குள் போகிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். கம்பெனி கேட்டிலிருக்கும் செக்யூரிட்டிக்குப் போன் செய்தேன். வீட்டில் அவசரம் என்றதும் அவர் பேனா எடுத்துக்கொண்டு, நோயாளி யார் என்று கேட்டார். வீட்டில் பையனைக் காணவில்லை என்றேன். அதுவும் பொய்யில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் ரோட்டோரத்தில் நின்றிருந்தார், முகமெல்லாம் வியர்வை. உள் கேட்டில் எங்கள் வீட்டில் இருப்பது போன்ற அதே தாழ்ப்பாள். வெளிக் கேட் பெரியது, எப்போதும் பூட்டியிருக்கும். அந்த நேரம் பெங்களூர்க்காரர் ஒருவர் காரோடு உள்ளே வர அதைத் திறந்திருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது என்றார். வீடு ஓசூர்ப் பக்கம் என்பதால் அவர் கணவர் அந்தத் திசையில் பைக்கில் போயிருந்தார். ஓடிப்போகிற நாய் பெரும்பாலும் வந்த வழியே வீட்டுக்குத்தான் திரும்பும் என்றார்.

எழுந்து ஓடுவதற்குமுன் என்ன நடந்தது என்று கேட்டேன். உதவிக்கு இருந்த அக்கா சொன்னார்.

“ஒண்ணும் நடக்கலைங்க. மத்த நாளு இந்நேரம் உள்ரூம்ல தூங்கும், இன்னிக்கி வெளிய படுத்துகினு இருந்துச்சி. ரோட்ல பஸ்ஸு ஹாரன் அடிச்சிகினு போச்சி. ரெண்டு தரம். அவ்ளோதான், எழுந்துச்சி.”

இவன் வீட்டுக்கு ஓடவில்லை, பஸ்ஸின் பின்னால் போயிருக்கிறான், எதிர்த் திசையில், என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்டார். முனை, மூன்றேகால், தாழ்ப்பாள், டிபன் பை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இல்லைன்னு எழுதியிருந்தீங்களேக்கா,” என்றார். “எழுதியிருந்தா அந்தப் பக்கம்தானே முதல்ல போயிருப்போம்.”

இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. அந்த இருபத்தைந்து நிமிடம் முழுக்க என்னுடையது.

பாகலூர்ப் பக்கம் ஸ்கூட்டியை விட்டேன். டேகேர் பெண் பின்னால் உட்கார்ந்திருந்தார். டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ரோடு அது. ரோட்டோரம் பழுப்பாக எது கிடந்தாலும், சாக்கானாலும் டயர் துண்டானாலும், என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. முதல் நிறுத்தத்தில் டீக்கடை. கடைக்காரர் பார்த்திருக்கிறார். பஸ் நின்றதும் நாய் பின்னாலேயே வந்து நின்று இறங்கியவர்களையெல்லாம் மோந்து பார்த்ததாம். யாரோ கடித்துவிடும் என்று பயந்து பையை வீசினார்களாம். பஸ் கிளம்பியதும் அதுவும் கிளம்பிவிட்டது. உங்கள் நாயா, அழகாக இருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனை அழகென்று வெளியாள் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது நிறுத்தத்தில் பூ கட்டி அனுப்பும் கொட்டகை. வாசலில் ரோஜாத் தண்டுகளை ஒரே அளவாக நறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“டிப்பர்காரன் ஒருத்தன் பிரேக்கு போட்டாம்மா. நான் கண்ண மூடிக்கினேன்.”

அப்புறம் என்றேன்.

“தொறந்து பாத்தா, அது பஸ்ஸு பின்னாடி ஓடிகினு இருக்குது. யாரத் தேடுதுன்னு நாங்களே பேசிக்கினோம்.”

பக்கத்திலிருந்தவர் குறுக்கிட்டார். “பன்னு போட்டேன், மோந்துகூடப் பாக்கல. இவ்ளோ ரோஷமா ஓடுதே, வீட்ல யாராச்சும் சண்ட போட்டீங்களா?”

யாரும் சண்டை போடவில்லை. சொல்லிக்கொள்ளாமல் பைக் வாங்கினோம், அவ்வளவுதான்.

பாகலூருக்குச் சற்று முன்னால், வீடுகளுக்கு நடுவே ஒரு காலி மனையில் அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு. இரவு ஷிப்டுக்கு ஆளேற்றும்வரை டிரைவர் தன் வீட்டுப் பக்கத்திலேயே வண்டியைப் போட்டுவைப்பாராம். மூடிய கதவுக்கு நேர்முன்னால் மண்ணில் தம்பி உட்கார்ந்திருந்தான். நாக்கு முழுதாக வெளியே தொங்கியது. கண் கதவைவிட்டு நகரவில்லை. டிரைவர் லுங்கிக்கு மாறி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் வைத்துவிட்டு எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டேன். வந்தான். என் முட்டியில் நெற்றியை ஒருமுறை அழுத்தினான். திரும்பிப் போய்க் கதவின் முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டான். அவன் வந்து திரும்பிய வழியெல்லாம் மண்ணில் சிவப்புப் புள்ளிகள். தார் ரோடு பாதங்களின் தோலை உரித்திருந்தது. நான் தூக்கப்போனேன், உறுமினான். என்னிடம் உறுமியது அதுதான் முதலும் கடைசியும்.

“யாரோ உள்ள இருக்காங்கன்னு நெனச்சிகினு இருக்குதும்மா,” என்றார் டிரைவர். “எல்லாரும் எறங்கிட்டாங்கடான்னு நானும் சொல்லிப் பாத்தேன். நம்ம பேச்ச எங்க நம்புது.”

கதவைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சாவி எடுத்துவரப் போனார். அந்த ஒரு நிமிடத்தில் நானும் தம்பியும் டேகேர் பெண்ணும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்ததும் அவன் நொண்டிக்கொண்டே படியேறினான். முன்சீட்டிலிருந்து தொடங்கி, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று ஒவ்வொரு இருக்கையாக மோந்துகொண்டு போனான். கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நிதானமாகத் திரும்பி நடந்து வந்து, படியில் நின்று என்னைப் பார்த்தான். இப்போது போகலாம் என்பது போல. டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையா என்று நான் கேட்கவில்லை.

கணவர் தன் பைக்கை ஓட்டும் நிலையில் இல்லாமல், கூட வேலை செய்பவரின் பைக்கில், பாதுகாப்பு ஷூவைக்கூடக் கழற்றாமல், நாங்கள் மருத்துவரிடம் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வந்து சேர்ந்தார். தம்பி மேசையிலிருந்து எழ முயன்றான். முடியவில்லை. வாலை மட்டும் ஆட்டினான், மேசை தடதடவென்று அதிர்ந்தது. கணவர் அவன் பக்கம் குனிந்தார். கையை நீட்டினார். அவன் மோந்து பார்த்தான், உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம். கையில் டிபன் பை இல்லாததற்கு அவர் வெட்கப்பட்டவர் மாதிரி இருந்தார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது. பாதங்களைப் போர்வையால் மூடிவிட்டு, தலையை மட்டும் காட்டினால் தெரியாது என்று எனக்கு யோசனை வந்தது. கணவரும் அதையே நினைத்திருக்க வேண்டும், போர்வையை அவர்தான் எடுத்துவந்தார். போன் அடித்தது. மடித்த போர்வை அவர் கையில் இருக்க, நான் போனைத் திருப்பி நேரே நான்கு கட்டுகளையும் காட்டினேன். முதலிலிருந்து சொன்னேன், அந்த ‘இல்லை’ உட்பட. மகள் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து கட்டுகளைப் பார்த்தாள். எந்தப் பாதத்தில் அதிகம் என்று கேட்டாள். பிறகு தம்பியிடம்தான் பேசினாள்.

“அப்பா இனிமே மூணு மணிக்கு வரமாட்டாருடா. உன்கிட்ட யாருமே சொல்லலையா?”

பாதம் ஆற மூன்று வாரமானது. நான் திரும்பவும் பாகலூர் ரோட்டுக்குப் போனேன், அவனில்லாமல், தனியாக. புதுப் படிவம் கேட்டேன். அந்தப் பெண் பழையதைத் திருத்தினால் போதும் என்றார். வேண்டாம், முழுதாக எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். அந்தக் கட்டம் போதவில்லை, பின்பக்கத்திலும் எழுதினேன். ஹாரன், தாழ்ப்பாள், எந்தப் பக்கம் ஓடுவான், எங்கே போய் உட்காருவான், எப்படித் திரும்பி வருவான் என்பதுவரை. எழுதி முடித்து நீட்டும்போது, என் மேசைக்கு முன்னால் நிற்கும் பெற்றோரின் முகம் எனக்கு வந்திருக்கும். அவர் படித்தார். எடுத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

“இவ்ளோ தெரிஞ்சா பாத்துக்கறது சுலபம்க்கா,” என்றார். உள் கேட்டில் அதற்குள் கொக்கியும் பூட்டும் போட்டிருந்தார்கள். மூன்று மணியிலிருந்து மூன்றரைவரை அவனை உள்ளறையில் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இப்போதும் அப்படித்தான். மூன்றரைக்கு எனக்கு ஒரு படம் வரும். அது வரும்வரை நான் எதிலும் முத்திரை குத்துவதில்லை.

கணவர் பைக்கை மூடி நிறுத்திவிட்டார். ஜெனரல் ஷிப்ட் பஸ் ஆறு மணிக்கு முனைக்கு வருகிறது. ஐந்தரைக்கு நான் தம்பியைக் கூட்டிவந்து, கழுத்துப்பட்டையும் வாருமாக, அதே நிழற்கூரைக்கடியில் நிற்கிறேன். ஹாரன் கேட்டதும் வார் என் கையை அறுக்கிறது. நான் விடுவதில்லை. மகள் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுகிறாள். ஒரு கையில் அவனையும் ஒரு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். கதவு திறக்கும். ஒவ்வொரு கையாக வரும். முதலில் இறங்குகிறவர்கள் இப்போதெல்லாம் தாங்களாகவே கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.